உடம்பு நோட்டு வைத்திருந்தவர்

அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவருக்கு ஊசி போடத் தெரியாது, நாடி பிடிக்கத் தெரியாது. ரத்தம் என்று அச்சில் பார்த்தாலே ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் அவர். அதாவது, புத்தகம் அச்சுக்குப் போகும் முன் வரி வரியாகப் படித்துப் பிழை திருத்துகிறவர். முப்பத்தொரு வருடமாக அதே மாடி, அதே ஜன்னலோர மேசை, அதே சிவப்புப் பேனா. ஒருமுறை பார்சல் கொண்டுவந்த ஆள், ஆளாளுக்கு டாக்டர் டாக்டர் என்பதைக் கேட்டுவிட்டுச் சட்டையைத் தூக்கி முதுகிலிருந்த கட்டியைக் காட்டினான். டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். "இடது பக்கம், தோள்பட்டைக்கு நாலு விரல் கீழ. எங்கயாவது எழுதி வச்சுக்கோ. அடுத்த தடவை வேற இடத்துல இருந்தா தப்பு" என்றார். அந்த ஆள் அதற்கப்புறம் பார்சலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தான்.

அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு குடும்ப நாவல் அவர் கைக்கு வந்தது. அதில் கதாநாயகியின் சித்தப்பாவுக்கு நாலாம் அத்தியாயத்தில் மரம் அறுக்கும் மெஷினில் வலது கை போய்விடுகிறது. வீடே அழுகிறது. கடைசி அத்தியாயத்தில் கதாநாயகிக்குக் கல்யாணம். அதே சித்தப்பா இரண்டு கையையும் தட்டிச் சிரிக்கிறார். எழுதினவர் மறந்துவிட்டார், சரி; டாக்டரும் கோட்டை விட்டுவிட்டார். புத்தகம் வந்த பத்தாவது நாள் ஒரு வாசகரிடமிருந்து கடிதம்: 'கை முளைக்க என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று தெரிவித்தால் என் மைத்துனருக்கும் உதவியாக இருக்கும்.' அப்போதிருந்த முதலாளி, பெரியவர், ஒரு வார்த்தை திட்டவில்லை. கடிதத்தைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார், அவ்வளவுதான். அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் டாக்டரின் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். நாலு திட்டு திட்டியிருந்தால் மறந்து தொலைத்திருப்பார்.

உடம்பு நோட்டு அன்று ஆரம்பித்தது. ஒரு நாவலுக்கு ஒரு நோட்டு, கதையில் வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். உயரம், மச்சம், தழும்பு, எந்தக் கையால் எழுதுகிறார், எந்தப் பல் ஆடுகிறது, எந்தக் காது கேட்காது, எல்லாம் பக்க எண்ணோடு இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார் மனிதர். டாக்டரிடமிருந்து போன் என்றால் நாவலாசிரியர்கள் கைப்பிரதியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

"ஐயா, உங்க வில்லனுக்கு ஒத்தக் கண்ணு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. ஏன் சார்?"

"நூத்தி நாப்பதாம் பக்கத்துல ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டு யோசிக்கிறான். இன்னொன்னை எங்க வாங்கினான்?"

இன்னொருவருக்கு இப்படி: "சார், உங்க கதாநாயகி மாசமாகிப் பதிமூணு மாசம் ஆகுது. சீக்கிரம் பெத்துக்கச் சொல்லுங்க. படிக்கிற எனக்கே இடுப்பு விட்டுப்போச்சு."

கிண்டல்போல இருந்தாலும் அவருக்கு அது கிண்டல் இல்லை. "எழுதுறவங்க ஆளைப் படைச்சுட்டுக் கிளம்பிடுறாங்க. அப்புறம் அதுங்க உடம்பை யாராவது பாத்துக்க வேணாமா?" என்று கேட்பார். "அன்புன்னா என்னங்க? கவனிக்கிறதுதான். வேற என்ன பெரிசா?" என்பார். அதில் அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது.

வீட்டிலும் இதே பாட்டுதான். சாப்பிட உட்கார்ந்தால் நாவலில் இருப்பவர்களைச் சொந்தக்காரர்கள் மாதிரி விசாரித்துக்கொண்டிருப்பார். "அந்த வக்கீலுக்கு இன்னிக்குச் சர்க்கரை வந்துடுச்சு" என்பார். "ஐயோ, பாவம், சின்ன வயசு" என்பாள் மனைவி, குழம்பை ஊற்றிக்கொண்டே. அவள் மழலையர் பள்ளியில் ஆசிரியை. நாள் முழுக்க முப்பது வாண்டுகளைக் கட்டி மேய்த்தவளுக்கு ஒரு வக்கீல் எம்மாத்திரம்? ஒரே மகள், இருபத்தாறு வயது, வீட்டில் அவளுக்குப் பெயர் புயல். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்குவாள், பேசிக்கொண்டே பல் தேய்ப்பாள், அப்பாவின் சிவப்புப் பேனாவை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு வெளியே போய்விடுவாள். "என் பேனா எங்கே?" என்று டாக்டர் அலுவலகத்திலிருந்து போன் செய்தால், "என் தலையில இருக்குப்பா" என்று பதில் வரும். அப்பாவுக்கு அவள் மேல் உயிர். அவளிடம் கோபப்பட உட்கார்ந்து, பாதியில் என்ன கோபம் என்பதே மறந்து எழுந்துவிடுவார். அவளுக்கு விமான நிலையத்தில் பயணிகளை வரவேற்கும் வேலை கிடைத்தபோது பதிப்பகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கடந்த ஏழெட்டு வருடமாகப் பதிப்பகத்துக்கு வேறு மாதிரி நாவல்கள் வர ஆரம்பித்தன. எடுத்த பக்கமெல்லாம் விகாரமான உடம்புகள். ஒருவனுக்கு வயிற்றில் வாய். ஒருத்திக்குத் தினமும் காலையில் ஒரு விரல் கூடுதலாக முளைத்துச் சாயங்காலம் உதிரும். ஓர் அமைச்சர் பேசப் பேச நாக்கு நீண்டு, மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் ஊர்ந்து போகும். மற்ற மெய்ப்பாளர்கள் முகத்தைச் சுளித்தார்கள். டாக்டர் அசரவில்லை. "வயித்துல வாய் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்ப்பா. ஆனா பன்னெண்டாம் பக்கத்துல வயித்துல இருந்த வாய், எழுபதாம் பக்கத்துல முதுகுக்குப் போச்சுன்னா நான் விடமாட்டேன்" என்றார்.

நிஜத்தைச் சொன்னால், அவருக்கு அந்த நாவல்கள் ரொம்பப் பிடித்துப் போயின. "முதல்ல குமட்டுது. அப்புறம் சிரிப்பு வருது. சிரிச்சு முடிச்சதும், ஐயோ, இந்த ஆளைப் பாத்தா சிரிச்சோம்னு வெக்கமா இருக்கு. மூணும் ஒரே பக்கத்துல! சாதாரண நாவலுக்கு இதுக்கு முந்நூறு பக்கம் ஆகுமே" என்று மனைவியிடம் வியந்து வியந்து சொன்னார். அவள், "சாப்பிடும்போது அந்த நாக்கை மட்டும் எடுக்காதீங்க" என்றாள்.

அப்படி வந்ததுதான் எக்ஸ்ரே அம்மாவின் நாவல். ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அந்த அம்மாளுக்கு. நாற்பத்தைந்து வயதிருக்கும், மெல்லிய குரல். எழுதிய முதல் நாவல். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கிற நேரத்தில் ஒன்பது வருடம் எழுதியது. கூன் விழுந்த ஒரு தையற்காரனின் கதை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவனைப் பார்க்கிற ஒருவர் சொல்கிறார். வீட்டுச் சொந்தக்காரர் கண்ணுக்குக் கூன் மூட்டை அளவு, வலது தோளில். பஸ் கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் கேட்கிறார். போலீஸ்காரருக்கு அவன் அதற்குள் எதையோ கடத்துவதாகச் சந்தேகம். தட்டித் தட்டிப் பார்க்கிறார். அவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்ற பெண்ணின் அத்தியாயத்தில் கூன் இடது தோளுக்குப் போய், தலையைவிட உயரமாகி, அவள் கனவில் தனியாக மூச்சு விடுகிறது.

டாக்டர் நோட்டை எடுத்தார். பதினோராம் பக்கத்தில் வலது. நாற்பத்திரண்டில் நடு முதுகு. எழுபத்தெட்டில் இடது. 'ஐயோ பாவம், முதல் நாவல், பதற்றத்துல குழம்பிட்டாங்க' என்று நினைத்துக்கொண்டார். உட்கார்ந்து பொறுமையாக, நாவல் முழுக்கக் கூனை இடது தோளில், சின்னப் பூசணிக்காய் அளவில் நிலைநிறுத்தினார். மொத்தம் நாற்பத்தாறு திருத்தம். முடித்தபோது அவருக்கு மனது நிறைந்திருந்தது. தையற்காரன் இனி நிம்மதியாக இருப்பான்.

திருத்திய பிரதியைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே அம்மாள் நேரில் வந்தார். கோபமாக வரவில்லை, அழுதுவிடுகிற முகத்தோடு வந்தார்.

"என் தையற்காரனைக் குணப்படுத்திட்டீங்களே சார்" என்றார்.

"குணப்படுத்தலம்மா, ஒரு இடத்துல உக்கார வச்சேன். ஒரே கூன் எப்படி இடம் மாறும்?"

"அது அவன் முதுகுல இல்ல சார். பாக்குறவங்க எவ்வளவு பயப்படுறாங்களோ, அவ்வளவு பெருசு. எந்தப் பக்கம் பயமோ, அந்தப் பக்கம். நாம பேசுறதே அப்படித்தானே? அலட்டிக்கிறவனுக்குத் தலையில கொம்பு முளைச்சிருக்குங்கறோம். பொறாமைக்காரனுக்கு வயிறு எரியுதுங்கறோம். சந்தோஷப்பட்டா வாயெல்லாம் பல்லுங்கறோம். நான் அதையே நிஜமா வச்சு எழுதிட்டேன். அவ்வளவுதான்."

டாக்டர் யோசித்தார். நியாயம் இருந்தால் ஒத்துக்கொள்ளத் தயங்குகிற ஆள் இல்லை. அன்று மாலைவரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். கண்டக்டருக்குக் கூன் பெரிதாகத் தெரிவது சரி. அவருக்கு இட நெருக்கடி. போலீஸ்காரருக்கும் சரி. அந்தப் பெண்ணுக்கு ரொம்பச் சரி. ஒவ்வொன்றாகத் தன் திருத்தத்தை அவரே அடித்தார். நாற்பத்தைந்து போயிற்று. நாற்பத்தாறாவதில் பேனா நின்றுவிட்டது.

அது தையற்காரனின் அம்மா சொல்லும் அத்தியாயம். ஊருக்கெல்லாம் துணி தைக்கிற மகனுக்கு அம்மா தன் கையால் ஒரு சட்டை தைக்கிறாள். அளவெடுக்கிறாள், வெட்டுகிறாள், போட்டு அழகு பார்க்கிறாள். பதினெட்டுப் பக்கம். அதில் எங்கேயும் கூன் என்ற வார்த்தையே இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார் என்று நினைத்து டாக்டர் அங்கே ஒரு வரியைத் தானாகவே சேர்த்திருந்தார்: 'இடது தோளின் கூனுக்காக அவள் துணியைக் கொஞ்சம் விட்டு வெட்டினாள்.' வரி சேர்ப்பது மெய்ப்பாளர் வேலை இல்லை. முப்பத்தொரு வருடத்தில் அவர் செய்தது அது ஒன்றுதான்.

"அந்த வரியும் வேணாம் சார்" என்றார் எக்ஸ்ரே அம்மாள். "அவங்க கண்ணுக்குக் கூன் கிடையாது."

"இதை மட்டும் ஒத்துக்க மாட்டேன்மா. பயப்படுறவனுக்குப் பெருசாத் தெரியும், சரி. பெத்தவளுக்கு எப்படித் தெரியாமப் போகும்? குளிப்பாட்டினவ அவ. தூக்கிக்கிட்டு அலைஞ்சவ அவ. ஊர்ல எல்லாரையும்விட அவளுக்குத்தான் சரியாத் தெரியும், எந்தத் தோள், எத்தனை அங்குலம்னு. கூனைப் பாக்காம அளவெடுத்தா சட்டை தூக்கிக்கிட்டு நிக்காதா?"

"நிக்கல சார். சட்டை சரியா இருந்துச்சு."

"எப்படிம்மா இருக்கும்?"

"எனக்கு விளக்கத் தெரியல சார். ஆனா அந்த அம்மாவுக்குத் தெரியாது."

விளக்கத் தெரியாத ஒன்றுக்கு டாக்டர் வளைந்து கொடுப்பாரா? பிடிவாதம் பிடித்தார். அந்த அம்மாளும் மெல்லிய குரலிலேயே பிடிவாதம் பிடித்தார். இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் அச்சுக்குப் போகிற நாள் வந்தேவிட்டது. முதலாளியின் அறையில் மூன்று பேரும் கூடினார்கள். பெரியவர் போய்ச் சேர்ந்தபின் பதிப்பகத்தை நடத்துவது அவர் மகள். பிறர் எதிரில் அவளை முதலாளியம்மா என்பார் டாக்டர். பாவாடை கட்டிய வயதிலிருந்து பார்த்தவர் என்பதால், கோபம் வந்தால் மட்டும் 'பாப்பா' என்று வாயில் வந்துவிடும்.

"அந்த வரியோட புத்தகம் வர்றதுன்னா எனக்குப் புத்தகமே வேணாங்க" என்றார் எக்ஸ்ரே அம்மாள். மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். "திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன். இன்னொரு இடத்துக்கெல்லாம் போக மாட்டேன். ஒன்பது வருஷம் எழுதினேன், போதும்."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உடம்பு விஷயத்துல டாக்டர் சொல்றதுதான் கடைசின்னு அப்பா வச்ச வழக்கம். நான் அதை மீற மாட்டேன். அஞ்சு மணிக்கு மெஷின் ஓடணும். டாக்டர், அதுக்குள்ள சொல்லுங்க. நீங்க சரின்னா அந்த வரி போகும். இல்லேன்னா புத்தகம் போகும்."

"பெத்தவளுக்குத் தெரியாதுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது, பாப்பா" என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்து வந்துவிட்டார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அவருக்கும் ஒன்பது வருடம் என்பது உறைத்தது. ஆனாலும் மனது ஒப்பவில்லை. கவனிக்காத அன்பு என்ன அன்பு? அப்படி ஒரு அம்மாவை அச்சில் விட்டால், அது அந்தத் தையற்காரனுக்குச் செய்கிற துரோகம் என்றே தோன்றியது.

மணி நாலேகால். கொஞ்சம் காலாற நடந்தால் தலை தெளியும் என்று தெருவில் இறங்கினார். அப்போதுதான் காலையில் மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. புயலுக்கு நாளை முதல் வேலை. கறுப்பு ஷூ போட்டுத்தான் வர வேண்டுமாம். ஷூ தைக்கிறவரிடம் சொல்லி வைத்திருந்தது. இன்று அவளுக்குப் பயிற்சியின் கடைசி நாள், ஆறு மணிவரை போனைக்கூட வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள், அதனால் நீங்கள் போய் வாங்கி வாருங்கள் என்றிருந்தாள்.

கடை இரண்டு தெரு தள்ளி. பசை வாசனையும் தோல் வாசனையும் வாசலிலேயே வந்து வரவேற்கும். ஷூ தைக்கிறவர் இவரைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சார். எல்லாம் முடிஞ்சுது, அடிக்கட்டை மட்டும்தான் ஒட்டணும். அஞ்சு நிமிஷம். அஞ்சாம் நம்பர், கட்டை உயரம் ஒண்ணேகால் அங்குலம், எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். எந்தக் கால்னு மட்டும் எழுதல. எப்பவும் உங்க பொண்ணே வந்து ஸ்டூல்ல உக்காரும், பாத்து ஒட்டிக் கொடுத்துடுவேன். எந்தக் கால் சார் குட்டை?"

டாக்டர் வாயைத் திறந்தார். திறந்தவர், ஷூ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆமாம், புயலுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு கால் மற்றதைவிட ஒன்றேகால் அங்குலம் குட்டை. இதை இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், டாக்டருக்கு அது நினைவிலேயே வரவில்லை, அதனால்தான். மகளை நினைத்தால் அவருக்கு அவள் கொண்டை வரும், குரல் வரும், திருட்டுப்போன பேனா வரும். கால் வராது.

"சார்?" என்றார் ஷூ தைக்கிறவர், கையில் பசைத் தூரிகையோடு.

"இருப்பா. சொல்றேன்."

கண்ணை மூடிக்கொண்டு அவளை மாடிப்படியில் இறக்கிப் பார்த்தார். இறங்கினாள், பேசிக்கொண்டே இறங்கினாள். எந்தக் கால் முன்னே வந்தது? தெரியவில்லை. பஸ்ஸுக்கு ஓடவிட்டுப் பார்த்தார். ஓடி ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். கைதான் தெரிந்தது. இன்னும் பின்னால் போனார். ஒரு வயதுக் குழந்தை, ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்ன அன்று அவரும் மனைவியும் பஸ்ஸில் வாய்விட்டு அழுதுகொண்டே வந்தார்கள். அப்புறம் ஒரு வருடம் தினமும் அந்தக் காலை மடியில் வைத்து எண்ணெய் போட்டு நீவிவிட்டவர் அவர். அந்தச் சின்னப் பாதத்தின் சூடு இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது. எந்தப் பாதம் என்பது இல்லை. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ நொண்டிகளைப் பார்த்துக்கொண்டவர். எந்த நாவலில் யாருக்கு எந்தக் கால் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

மனைவிக்குப் போன் போட்டார். பின்னால் வாண்டுகள் கத்திக்கொண்டிருந்தன.

"ஏய், நம்ம புயலுக்கு எந்தக் கால் குட்டை?"

"இதென்ன கேள்வி? வலது."

"நிச்சயமாவா?"

"நிச்சயமாத்தான்... இருங்க. என்கூட நடக்கும்போது என் தோள்ல கை போட்டுப்பா. அப்ப இந்தப் பக்கம்... இல்ல, அது அவளுக்கு இடதா?" நாலடி நடந்து பார்க்கிற செருப்புச் சத்தம் போனில் கேட்டது. "ஏங்க, ஷூவெல்லாம் அவளே போய் வாங்கிக்கிறா... நான் பெத்தவங்க. எனக்கு ஏங்க இது தெரியல?" என்றாள். சிரிக்க ஆரம்பித்தவளுக்குப் பாதியில் குரல் உடைந்துபோயிற்று.

"எனக்கும் தெரியலடி" என்றார் டாக்டர். "அழாத. தப்பா ஒண்ணும் நடக்கல." சொன்னவரின் கண்ணிலும் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பெருவிரலால் துடைத்துக்கொண்டார்.

கடைச் சுவரில் மணி நாலு ஐம்பத்திரண்டு. பதிப்பகத்துக்குப் போன் போட்டார். முதலாளிதான் எடுத்தாள்.

"பாப்பா, அந்த வரிய எடுத்துடு."

"டாக்டர், கோபத்துல சொல்றீங்களா?"

"கோபமில்லம்மா. அம்மா அத்தியாயத்துல கூன் கிடையாது. அவங்க எழுதினது எழுதினபடி போகட்டும். தப்பு என்னோடது, நானே வந்து அவங்ககிட்டச் சொல்றேன். அவங்களைப் போயிட வேணாம்னு சொல்லு."

"இங்கதான் இருக்காங்க. பையை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டு மாசமா மாட்டவே மாட்டேன்னீங்க. இப்ப எப்படி டாக்டர்?"

"எம் பொண்ணுக்கு எந்தக் கால் குட்டைன்னு கடையில கேட்டாங்க, பாப்பா. எனக்குத் தெரியல. அவ அம்மாவுக்கும் தெரியல."

முதலாளி எக்ஸ்ரே அம்மாளிடம், "அம்மா, வரி போயிடுச்சு" என்று சொல்வது கேட்டது. டாக்டர் போனை வைத்துவிட்டு ஷூ தைக்கிறவரைப் பார்த்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். பசைத் தூரிகையைக் குவளையில் போட்டுவிட்டு, ஸ்டூலைத் துடைத்து டாக்டர் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க சார். பொண்ணே வரட்டும், பாத்து ஒட்டிக்கலாம்" என்றார். "நானும் ரெண்டு ஷூவையும் வச்சுக்கிட்டு மத்தியானத்துலேருந்து யோசிக்கிறேன். எத்தனை தடவை ஒட்டிக் கொடுத்திருக்கேன். அது சிரிச்சுப் பேசிக்கிட்டே உக்காந்திருக்கறதுதான் ஞாபகம் வருது."